கட்டு அவிழ்த்தவள்

ஜூலை 3, புதன்

சாப்பாட்டு மேசையில் இன்று சாப்பிட முடியவில்லை. மேசை முழுக்க இவருடைய தாள்கள். 'ஆவணக் காப்பாளர் தொழில்முறைச் சான்றிதழ்: விதிமுறைகள், நான்காம் வரைவு.' மூன்றாம் வரைவு டிவி மேல் இருக்கிறது. தட்டை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம்.

பின்னால் எடுத்துப் படித்தால் எனக்கே புரிய வேண்டும் என்பதற்காக எழுதிவைக்கிறேன். ஆவணக் காப்பாளர் பேரவையில் முந்நூறு பேர் இருக்கிறோம். பாதிப்பேர் என்னைப் போல. ஒரு கல்லூரியிலோ மடத்திலோ அறக்கட்டளையிலோ பழைய தாள்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி உட்காரவைக்கப்பட்டு, செய்து செய்தே கற்றுக்கொண்டவர்கள். பட்டயம் கிடையாது. இனிமேல் தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்காதவர் தன்னை ஆவணக் காப்பாளர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாதாம். பட்டப்படிப்பு இல்லாதவர் உதவியாளராகக்கூட இருக்கக் கூடாதாம். அதுதான் ஏழாம் விதி. அதை எழுதியவர் பேரவைச் செயலாளர் திருஞானம். பல்கலைக்கழகத்தில் இந்தப் பாடத்தையே இருபத்தெட்டு வருடம் நடத்தி ஓய்வுபெற்றவர். என் கணவர்.

செப்டம்பர் 14 அன்று திருச்சியிலேயே பொதுக்குழு. சான்றிதழ் இல்லாதவர்கள் சார்பில் எதிர்த்துப் பேச என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

தண்ணீர் மோட்டார் மறுபடி மக்கர்.

ஜூலை 5, வெள்ளி

வீட்டில் சான்றிதழ் பேச்சே கிடையாது என்று ஒப்பந்தம். காலை ஏழு மணிக்குப் போட்டோம். எட்டே காலுக்கு மீறியவர் அவர்.

ஜூலை 9, செவ்வாய்

இன்று நான் வேலை பார்க்கும் சங்கத்துக்கு ஒரு அம்மாள் வந்தார். பெயர் செலின். திண்டுக்கல்லில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர். "அம்பத்தெட்டு வயசுன்னு வெச்சிருக்காங்க மேடம்" என்றார். யாரோ குத்துமதிப்பாகக் கொடுத்த வயது.

எங்கள் சங்கத்தில் இருப்பவை ஒரே வகைத் தாள்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கப்பலில் திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்களின் படிவங்கள். மண்டபம் முகாமில் அந்தக் காலத்துத் தொண்டர்கள் மேசை போட்டு உட்கார்ந்து எழுதியவை. குடும்பத்துக்கு ஒரு தாள். மொத்தம் நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு.

செலின் ஐந்து வயதில் அப்படி வந்தவர். அப்போது பெயர் பாக்கியம். முகாமுக்கு வந்த மூன்றாம் நாள் அம்மா காய்ச்சலில் இறந்துபோனார். அப்பா முன்பே இல்லை. இவரைக் கன்னியர் இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள். கைக்குழந்தையாக ஒரு தம்பி இருந்தான். அவனைக் கூட வந்த ஒரு அத்தை தூக்கிக்கொண்டு போய்விட்டார். இல்லத்துச் சகோதரிகள் எத்தனையோ இடத்துக்கு எழுதிக் கேட்டும் தகவல் இல்லை.

"அத்தை பேரு என்னம்மா?"

"அத்தைன்னுதான் கூப்புடுவேன். அஞ்சு வயசுப் புள்ளைக்கு, அத்தைக்கு வேற பேரு இருக்கும்னு தெரியுமா மேடம்?"

'பா' இழுப்பறையைத் திறந்து இரண்டே நிமிடத்தில் அவருடைய தாளை எடுத்துக் கொடுத்தேன். பெருமையாகத்தான் இருந்தது. 'பாக்கியம், பெண், 5. தாய் வெள்ளையம்மாள், இறப்பு. தோட்டம்: சொல்லத் தெரியவில்லை.' தாயின் பெயர் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். அம்மாவின் பெயரை எழுத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்றார்.

பிறகு கேட்டார். "எந்தத் தேதியில வந்த கப்பல்னு இதுல போடலியே?"

"தேதிய ஒவ்வொரு தாள்லயும் எழுத மாட்டாங்கம்மா. ஒரு கப்பல்ல வந்தவங்க தாளையெல்லாம் ஒரே கட்டாக் கட்டி, மேல அட்டைச்சீட்டுல எழுதுவாங்க."

"அப்ப அந்தக் கட்டப் பாத்தா கூட வந்தது யாரு யாருன்னு தெரிஞ்சுருமே?"

"இங்க எல்லாம் அகர வரிசையிலதான் இருக்கும்மா."

அவர் தலையாட்டிக்கொண்டார். படிவங்கள் அகர வரிசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது உண்மை. நான் பொய் எதுவும் சொல்லவில்லை.

ஜூலை 12, வெள்ளி

என் உரையின் முதல் நகலை எழுதிவிட்டேன். ஆறு பக்கம். 'அனுபவத்தை ஒரு தாளால் அளக்க முடியுமா?' என்று ஆரம்பம். 'தாள்களோடு இருபத்தோரு வருடம் வாழ்ந்த கைக்கு எந்தக் கேள்வித்தாளும் புதிதாகச் சொல்லித்தர ஒன்றுமில்லை' என்று முடிவு. சாயங்காலம் மாவரைத்துவிட்டு வந்து பார்த்தால் இவர் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறார்.

"ஏங்க, அது எதிர்க்கட்சி உரை."

"இருக்கட்டும். ஒற்று எங்க மிகணுமோ அங்க மிகணும்ல? பதினோரு இடத்துல விட்டிருக்க."

கருத்தில் கை வைக்கவில்லை. பதினோரு ஒற்றெழுத்துகளைப் போட்டுக் கொடுத்தார். கடைசி வரியை மட்டும் இரண்டு தடவை படித்தார். பேனாவை மூடிவைத்தார்.

ஜூலை 19, வெள்ளி

செலின் வாரா வாரம் வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டார். திண்டுக்கல்லிலிருந்து காலை பஸ். இன்று 'அ' இழுப்பறையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு தாளாகப் படிக்கிறார். எதைத் தேடுகிறீர்கள் என்றேன். கைக்குழந்தை உள்ள குடும்பங்களைக் குறித்துக்கொள்கிறாராம். சாயங்காலத்துக்குள் நாற்பத்து மூன்று குடும்பம் ஆயிற்று. இன்னும் 'ஆ' கூட வரவில்லை.

மும்தாஜ் அவருக்கு டீ வாங்கி வந்து கொடுத்தாள். எங்கள் அலுவலகத்தைப் பெருக்குவதும், தாள்களை மாதம் ஒருமுறை தூசு தட்டுவதும், கேட்டதை எடுத்துக் கொடுப்பதும் அவள்தான். பதினாறு வருடமாக. எட்டாவது வரை படித்தவள்.

"அக்கா, பாவம்க்கா அவங்க. வேற வழியே இல்லியா?"

எனக்குக் கணக்கெடுப்பு அறிக்கை முடிக்க வேண்டியிருந்தது. வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 21, ஞாயிறு

தலைவலி. எதையும் எழுதவில்லை.

ஜூலை 26, வெள்ளி

செலின் 'க' வரிசைக்கு வந்துவிட்டார். அது பெரிய வரிசை; கருப்பன், கந்தசாமி, காளியம்மாள் என்று எழுநூறு தாள். மத்தியானம் கண்ணைக் கசக்கிக்கொண்டே சொன்னார்: "இதப் போயி யாரு மேடம் இப்படிக் கலைச்சு வெச்சது? வந்தது வந்தபடியே விட்டிருந்தா ஒரு நாள் வேலை."

"பழைய காலத்துல யாராவது செஞ்சிருப்பாங்க" என்றேன்.

இது பொய்.

ஜூலை 28, ஞாயிறு

எழுதிவிடுவதே நல்லது.

இரண்டாயிரத்து மூன்றில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்த அறையில் ஐம்பத்தொன்பது கட்டுகள் இருந்தன. சணல் போட்டுக் கட்டி, மேலே பழுப்பு அட்டைச்சீட்டு செருகி. யாராவது வந்து ஒரு பெயரைக் கேட்டால் ஐம்பத்தொன்பது கட்டையும் அவிழ்க்க வேண்டும். வரலாறு இளங்கலை படித்த எனக்கு அது பெரிய அலங்கோலமாகத் தெரிந்தது. எட்டு மாதம் உட்கார்ந்து எல்லாவற்றையும் அவிழ்த்து அகர வரிசையில் அடுக்கினேன். நான்தான். யாரும் செய்யச் சொல்லவில்லை. செய்யாதே என்றும் யாரும் சொல்லவில்லை. அட்டைச்சீட்டுகள் கிழிந்து நைந்து கிடந்தன. பின்புறம் குப்பையோடு குப்பையாகக் கொளுத்திவிட்டேன்.

அப்போது அது வெறும் கட்டு என்று நினைத்தேன். யாரோடு யார் வந்தார்கள் என்பதைச் சொல்வது அந்தக் கட்டு மட்டும்தான் என்று எனக்குத் தெரியவில்லை.

இவருடைய வரைவில் முதல் விதி: 'வந்த வரிசையைக் கலைக்கலாகாது.' நான்கு வரைவிலும் அதுதான் முதல் விதி. ஒரு எழுத்துகூட மாறவில்லை.

ஜூலை 29, திங்கள்

காலையில் காபி கொடுக்கும்போது கேட்டேன். "முதல் விதிய என்னை மனசுல வெச்சுத்தான் எழுதினீங்களா?"

டம்ளரைக் கீழே வைத்தார். "நீ கலைச்சது எனக்குத் தெரியும் மங்கை."

"எப்பத்திலேருந்து?"

"நீ வேலைய முடிச்சுட்டு என்னைக் கூட்டிட்டுப் போய்க் காமிச்சியே. அன்னைக்கே."

எனக்கு அந்த நாள் ஞாபகம் இருக்கிறது. ஒவ்வொரு இழுப்பறையாகத் திறந்து திறந்து காட்டினேன். பிரமாதம் என்றார். வெளியே கூட்டிப்போய் ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார்.

"அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தே. கல்யாணம் ஆகி ஏழு வருஷத்துல உன்னை அப்படிப் பாத்ததில்ல. சொல்ல வாய் வரல. அன்னைக்கே சொல்லியிருந்தா அந்த அட்டைச்சீட்டுங்களையாவது காப்பாத்தியிருக்கலாம். ரெண்டு வாரம் கழிச்சுத்தானே கொளுத்தினே. என் மாணவன் ஒருத்தன் செஞ்சிருந்தா அந்த இடத்துலயே கத்தியிருப்பேன். உன்கிட்ட முடியல. அதான் யாருக்கும் யாரும் வாயால சொல்ல வேண்டாத மாதிரி எழுத்துல கொண்டுவந்துரணும்னு..."

இருபத்தோரு வருடம் இந்த மனிதர் அதைச் சுமந்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. இரண்டில் எதை முதலில் செய்வது என்று தெரியாமல் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினேன். அவர் பின்னாலேயே வந்து துடைத்து வைத்தார்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

செலினிடம் சொல்லிவிட்டேன். காலை வந்ததும், டீ வருவதற்கு முன்னாலேயே.

"கலைச்சது நான்தாம்மா. சீட்ட எரிச்சதும் நான்தான். தெரியாம செஞ்சேன். ஆனா போன வாரம் உங்ககிட்டத் தெரிஞ்சே பொய் சொன்னேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்துக் கூட்டில் வைத்தார். பையை எடுத்துக்கொண்டார். மும்தாஜ் டீயோடு உள்ளே வரும்போது அவர் படியிறங்கிக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 5, திங்கள்

செலின் மேசையில் விட்டுப்போன 'பாக்கியம்' தாளைத் திரும்ப உறையில் வைக்கப் போனேன். தூசு தட்டிக்கொண்டிருந்த மும்தாஜ் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, இந்த ஓட்டைய நான் வேற தாள்லயும் பாத்திருக்கேன்."

தாளின் இடது ஓரத்தில் கரையான் அரித்த ஓட்டை ஒன்று. அவரைக்கொட்டை போல வளைந்தது.

"கரையான் அரிச்ச தாள் நெறைய இருக்கும் மும்தாஜ்."

"இல்லக்கா. இதே எடம், இதே வளைவு. கொஞ்சம் பெருசா ஒண்ணு, சிறுசா ஒண்ணுன்னு. தொடைக்கிறப்பத் துணி மாட்டும், அதனால தெரியும். 'மு'வுல ஒண்ணு இருக்கு. 'சி'யில ரெண்டு."

எழுந்துபோய் 'மு' இழுப்பறையிலிருந்து எடுத்துவந்தாள். செலின் தாளின் மேல் வைத்தோம். ஓட்டையின் மேல் ஓட்டை பொருந்தியது.

கரையான் அகர வரிசை பார்த்துத் தின்னாது. அன்றைக்கு அது ஒரு கட்டை மேலிருந்து கீழ்வரை துளைத்துக்கொண்டு போயிருக்கிறது. அந்தக் கட்டில் இருந்த தாள் ஒவ்வொன்றிலும் அதே ஓட்டை இருக்க வேண்டும். நான் அதற்கப்புறம்தான் அவிழ்த்தேன்.

இவருக்குப் போன் செய்தேன். பாதி சொல்வதற்குள் "ஆட்டோ பிடிச்சு வர்றேன்" என்று வைத்துவிட்டார். வந்ததும் பூதக்கண்ணாடியால் இரண்டு தாளையும் பார்த்துவிட்டு மும்தாஜைப் பார்த்தார். "இது எந்தப் புத்தகத்துலயும் இல்லம்மா. நான் இருபத்தெட்டு வருஷம் பாடம் எடுத்திருக்கேன், எனக்குத் தோணியிருக்காது" என்றார். அவள் வெட்கப்பட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

பத்தரை மணிக்குச் செலின் வந்தார். வரமாட்டார் என்றே நினைத்திருந்தேன்.

"கோவம் போகல மேடம். பஸ்ஸுல வர்ற வழியெல்லாம் திட்டிக்கிட்டேதான் வந்தேன். ஆனா வேற யாருகிட்டப் போயிக் கேப்பேன்?"

ஓட்டையைக் காட்டினோம். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இவரையும் சேர்த்து நால்வருமாக 'அ'விலிருந்து ஆரம்பித்தோம்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

'ச' முடிந்தது. ஓட்டைத் தாள்கள் முப்பத்தெட்டு. இவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. செலின் நர்ஸ் அல்லவா, நாற்காலியில் முதுகு காட்டி உட்காரவைத்து இரண்டு அழுத்து அழுத்தினார். செயலாளர் போட்ட கூச்சலுக்கு எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

ஆகஸ்ட் 21, புதன்

மூவர் மட்டும். மேலும் இருபது தாள்.

ஆகஸ்ட் 28, புதன்

எழுபத்தொரு தாள். அதற்கு மேல் இல்லை.

மத்தியானம் வாசிப்பறையின் நீள மேசையில் ஓட்டையின் அளவுப்படி வரிசையாக அடுக்கினோம். மேல்தாளில் புளியங்கொட்டை அளவு. இறங்க இறங்கப் பெரிதாகி, மறுபடி சிறுத்து, எழுபத்தோராவது தாளில் ஊசிமுனை. இடையில் சந்தேகம் வந்த இடங்களில் குண்டூசித் துருக்கறை பொருந்துவதை வைத்து இவர் முடிவு செய்தார். அதில் கைதேர்ந்தவர்தான், ஒத்துக்கொள்கிறேன்.

பாக்கியம் முப்பத்தோராவது தாள். முப்பத்திரண்டு: 'சின்னக்கருப்பன், 30. மனைவி கண்ணாத்தாள், 26. மகள், 4. மகன், 8 மாதம், பெயரிடவில்லை. செல்லுமிடம்: கோத்தகிரி.' எழுபத்தொன்றில் ஆண் கைக்குழந்தை வேறெந்தத் தாளிலும் இல்லை. வரிசையில் அடுத்தடுத்து நின்றிருக்கிறார்கள். குழந்தையை இல்லத்துக்கு அனுப்பிவிடக் கூடாது என்று தன் பிள்ளையாகவே எழுதச் சொல்லியிருக்கிறார் அந்தக் கண்ணாத்தாள்.

நான் உடனே போனை எடுத்தேன், செலினைக் கூப்பிட. இவர் என் கையைப் பிடித்தார்.

"வேண்டாம் மங்கை."

"ஏன்? அம்பது வருஷமாத் தேடுறவங்க!"

"அந்தப் பையனுக்கு... பையன் என்ன, அம்பத்து மூணு வயசு. தான் யாருன்னு அவருக்குத் தெரியுமா? தெரியாம இருந்து, திடீர்னு ஒருத்தர் வாசல்ல போயி நான் உன் அக்கான்னு நின்னா? மொதல்ல கண்ணாத்தாளுக்கு எழுதணும். அவங்க சரின்னு சொன்னாத்தான் விலாசம் குடுக்கலாம்."

"பதினொண்ணாம் விதியா?"

"ஆமா. பதினொண்ணாம் விதி."

கத்தினேன். விதியை எழுதுகிறவர்களுக்கு மனசு என்று ஒன்று கிடையாதா என்றேன். மும்தாஜ் மெதுவாக, "சார் சொல்றது சரிதான்க்கா. எங்க தெருவுல இப்படி ஒண்ணு நடந்து ஒரு குடும்பமே ரெண்டாப் போச்சு" என்றாள். போனைக் கீழே வைத்தேன். ஏற்கெனவே ஒருமுறை அவசரப்பட்டு நல்லது செய்தவள் நான்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

செலினிடம் இவ்வளவுதான் சொன்னேன்: ஒரு குடும்பம் தெரியவந்திருக்கிறது, அவர்களிடம் சம்மதம் கேட்டு எழுதப் போகிறோம், பதில் வரும்வரை பெயர் சொல்ல முடியாது.

"ஆம்பளப் புள்ள இருக்கானா?" என்று மட்டும் கேட்டார்.

"தாள்ல இருக்கும்மா."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். டீ குடித்தார்.

செப்டம்பர் 3, செவ்வாய்

கண்ணாத்தாளுக்குக் கடிதம் போயிற்று. கோத்தகிரித் தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் அதே பெயரில் ஒருவர் உயிரோடு இருப்பதை அங்கிருந்த ஓர் ஆசிரியர் மூலம் இவர் விசாரித்திருந்தார். ஏழு தடவை எழுதிக் கிழித்தோம். நான் எழுதியதில் பாசம் அதிகம், அவர் எழுதியதில் விதி அதிகம். எட்டாவதைச் சேர்ந்து எழுதினோம்.

செப்டம்பர் 13, வெள்ளி

பதில் இல்லை. செலின் வந்தார், கேட்கவில்லை, போனார். என் ஆறு பக்க உரையை எடுத்துப் பார்த்தேன். கடைசி வரியை என்னால் வாய்விட்டுப் படிக்க முடியவில்லை.

செப்டம்பர் 14, சனி

இருநூற்று நாற்பது பேர் வந்திருந்தார்கள். இவர் மேடையில், நான் கீழே மூன்றாம் வரிசையில். என் பெயரைக் கூப்பிட்டதும் எங்கள் பக்கத்தினர் கை தட்டினார்கள். உரையைப் பையிலேயே விட்டுவிட்டுப் போனேன்.

ஐம்பத்தொன்பது கட்டுகளைச் சொன்னேன். கொளுத்தியதைச் சொன்னேன். ஊர், பெயர் சொல்லாமல் ஓர் அக்கா தம்பியைத் தேடியதைச் சொன்னேன்.

மடத்து ஏடுகளைப் பார்த்துக்கொள்ளும் சிதம்பரநாதன் எழுந்தார். எங்கள் பக்கத்துத் தூண் அவர். "அம்மா, எங்களுக்காகப் பேச வந்தீங்களா, அவங்களுக்காகவா? இத வீட்டுக்காரர் எழுதிக் குடுத்தாரா?"

"அவர் ஒற்றுப்பிழை மட்டும்தாங்க திருத்துவார்" என்றேன். சிரித்தார்கள். சிதம்பரநாதன் சிரிக்கவில்லை.

"ஐயா, உங்களுக்காகத்தான் பேசுறேன். இருபத்தொரு வருஷம் முன்னாடி யாராவது ஒருத்தர் என்னை உக்காரவெச்சு ஒரே ஒரு வாரம் சொல்லிக்குடுத்திருந்தா நான் இதச் செஞ்சிருக்க மாட்டேன். கத்துக்கணும்ங்கறதுல எனக்கு இப்ப சந்தேகமில்ல. ஆனா ஏழாம் விதி கத்துக்குடுக்கல, வெளியதான் தள்ளுது. நான் கெடுத்ததக் கண்டுபிடிச்சுக் குடுத்தது எங்க மும்தாஜ். எட்டாவது படிச்சவங்க. இந்த விதிப்படி அவங்களுக்கு அந்த அறைக்குள்ள பேரே கிடையாது. சொல்லிக்குடுத்துட்டுத் தேர்வு வைங்க. வர்றவங்க என்ன படிச்சாங்கன்னு கேக்காதீங்க. நான் எழுதுறேன்."

மேடையில் இவர் எழுந்தார். ஏழாம் விதியைத் தானே திரும்பப் பெறுவதாகச் சொன்னார். பட்டப்படிப்பு நிபந்தனை நீக்கம், இப்போது பணியில் இருப்பவர்கள் பெயரை இழக்க மாட்டார்கள், பேரவையே பயிற்சி கொடுத்துத்தான் தேர்வு வைக்கும் என்று அங்கேயே திருத்தம் வாசித்தார். "கரையான் ஓட்டையை நான் பாடத்திட்டத்துல சேக்கறேன். சொல்லிக்குடுக்க எனக்குத் தெரியாது, மும்தாஜ் அவர்கள்தான் வரணும்" என்றார். நூற்று ஐம்பத்து மூன்றுக்கு எண்பத்தேழு. நிறைவேறியது.

சிதம்பரநாதன் சாப்பாட்டுப் பந்தியில் எனக்கு எதிரே உட்கார மறுத்துவிட்டார். வருத்தமாக இருந்தது. பாயசத்துக்கு வரும்போது, "பயிற்சி எப்பம்மா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டே கேட்டார்.

செப்டம்பர் 24, செவ்வாய்

போன் வந்தது. மிக மெல்லிய குரல், மூச்சு வாங்கியது.

"கடுதாசி போட்டது நீங்களா? நாந்தான் கண்ணாத்தா."

நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன்.

"அவனுக்குத் தெரியாதும்மா. எம்புள்ளன்னுதான் வளத்தேன். அந்தப் புள்ள பாக்கியத்த அப்பறமா எங்கெங்கயோ கேட்டேன், பேர மாத்திப்புட்டாங்க போல, ஆளு தெரியல. மொதல்ல அவங்கிட்ட நான் சொல்லணும். என் வாயாலதான் சொல்லணும். கொஞ்ச நாளு குடுங்க."

"எத்தன நாள் வேணும்னாலும் எடுத்துக்குங்கம்மா" என்றேன்.

செப்டம்பர் 27, வெள்ளி

"பேசியிருக்காங்க, காத்திருக்கச் சொல்றாங்க" என்றேன் செலினிடம். இத்தனை வருடம் காத்திருந்தாயிற்று, இதென்ன என்று சொல்லிவிட்டு, தேட வேண்டிய தாள் எதுவும் இல்லாததால் மும்தாஜோடு சேர்ந்து தூசு தட்டினார்.

அக்டோபர் 19, சனி

பயிற்சி வகுப்பு, மூன்றாம் வாரம். இவர் வகுப்பில் என்னைப் பெயர் சொல்லிக் கேள்வி கேட்கிறார். வீட்டுக்கு வந்து ரசத்தில் உப்பைக் குறைத்துப் போட்டேன்.

நவம்பர் 9, சனி

மகனிடம் சொல்லிவிட்டதாகவும் வருவதாகவும் கண்ணாத்தாள் போன வாரம் போன் செய்திருந்தார். காலை பத்து மணிக்கு வாசலில் கார் வந்து நின்றது. யோகநாதன், கோத்தகிரியில் தேயிலைத் தொழிற்சாலை லாரி ஓட்டுநர், நரைத்த மீசை. கண்ணாத்தாள் வரக்கூடாது என்று டாக்டர் சொன்னாராம். "வர்றேன்னா வர்றேன்" என்று முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாராம்.

செலின் எட்டரைக்கே வந்துவிட்டார். எழுந்து நின்றவர் அசையவில்லை. தம்பியும் கதவருகிலேயே நின்றுவிட்டார். இருவருக்கும் ஒருவரை ஒருவர் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்றே தெரியவில்லை.

கிழவிதான் மேசையைப் பிடித்துப் பிடித்து நடந்து செலினிடம் போனார்.

"பாக்கியம். உன்னையுந் தூக்கியிருப்பேன்டி. எனக்கு ரெண்டு கைதான் இருந்துச்சு. ஒரு கையில எம்மவ. ஒரு கையில இவன். நீ நடக்குற புள்ள, பின்னாலயே வருவேன்னு நெனச்சேன். திரும்பிப் பாத்தா நீ இல்ல."

"அத்தை" என்றார் செலின். ஐம்பத்து மூன்று வருடத்துக்கப்புறம் அந்த ஒரு சொல். பிறகு, "தூக்குனவன விடாம வெச்சிருந்தீங்கல்ல, போதும்" என்றார்.

யோகநாதன் மெல்ல வந்து, "அக்கா, உக்காருங்க. ரெண்டு பேரும் உக்காருங்க" என்று நாற்காலிகளை இழுத்துப் போட்டார்.

நாங்கள் மூவரும் வராந்தாவுக்கு வந்துவிட்டோம். மும்தாஜ் வாய்விட்டே அழுதாள். இவர் கைக்குட்டையை எனக்கு நீட்டினார். பாதியில் திரும்ப வாங்கிக்கொண்டார், அவருக்கே தேவைப்பட்டது.

டிசம்பர் 8, ஞாயிறு

தேர்வு. மூன்று மணிநேரம். வலது கை வீங்கிவிட்டது. பின்பெஞ்சில் சிதம்பரநாதன் சத்தமாகப் பெருமூச்சு விட்டுக்கொண்டே எழுதினார். மும்தாஜ் அரை மணி முன்னதாகவே வெளியே போய்விட்டாள். ஒன்றும் தெரியவில்லையோ என்று கவலைப்பட்டேன்.

ஜனவரி 6, திங்கள்

முடிவு வந்தது. எனக்கு அறுபத்து நான்கு. தேறிவிட்டேன். மும்தாஜுக்கு எண்பத்தொன்று. விடைத்தாள் திருத்தும் குழுவில் இல்லாததால் இவருக்கும் காலையில்தான் தெரியும். அவளுக்குத்தான் முதலில் போன் செய்தார். அடுப்படியில் நின்றிருந்த எனக்கு அதற்கப்புறம்தான் செய்தி வந்தது.

அலுவலகத்தில் அவள் கூச்சத்தோடு கேட்டாள்: "அப்ப இனிமே யாருக்கா பெருக்குறது?"

"ரெண்டு பேருந்தான்."

எல்லாக் கட்டையும் கரையான் தின்றிருக்காது. துருக்கறை இருக்கும், மைத்தடம் இருக்கும், சணல் அழுந்திய கோடு இருக்கும். இன்று வாசிப்பறையை நான் பெருக்கினேன். மும்தாஜ் கண்ணாடி போட்டுக்கொண்டு 'அ' இழுப்பறையைத் திறந்து மறுபடி முதல் தாளிலிருந்து ஆரம்பித்தாள். இன்னும் ஐம்பத்தெட்டுக் கட்டுகள் இருக்கின்றன.